கார் வராத கரைப்பாதை: மிதி கால்வாயா, நாந்த்–ப்ரெஸ்த் கால்வாயா?

கேள்வி, மே 4

ஜூலையில் நானும் தங்கையும் பிரான்சு வருகிறோம். ஒரு வாரம் சைக்கிளில் போக ஆசை. கார், லாரி கூடவே கூடாது, தங்கைக்கு ரோட்டில் ஓட்டப் பயம். தார் இல்லாமல் சரளைப் பாதையாக இருந்தால் இன்னும் நல்லது. யாரைக் கேட்டாலும் ‘கனால் து மிதி’, அதாவது தெற்கே இருக்கும் மிதி கால்வாய் என்கிறார்கள். ஆனால் கால்வாய்க் கரை என்றால் நேர்கோடு, தட்டை, ஒரே நாளில் சலித்துவிடும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். அப்படியா?

மே 4, இரவு

பிரான்சின் வடமேற்கு மூலையான பிரெத்தாஞுக்கு வாருங்கள். நாந்த் நகரிலிருந்து ப்ரெஸ்த் துறைமுகப் பக்கம் போகும் கால்வாய் இருக்கிறது, சுமார் 360 கி.மீ. பெயர்தான் கால்வாய். அதன் பெரும்பகுதி எர்த்ர், இஸாக், ஊஸ்த், ப்ளாவே, ஓல்ன் என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆறுகள்தான். ஆறுகளில், படகை மேலே ஏற்றிக் கீழே இறக்கும் மதகுகள் கட்டிப் படகு போகும்படி செய்தார்கள், ஆற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே மேட்டை வெட்டி இணைத்தார்கள். அதனால் நேர்கோடு என்ற பேச்சே இல்லை. ஓல்ன் ஆறு வளைகிற வளைவில், காலையில் முகத்துக்கு நேரே இருந்த சூரியன் அரை மணியில் முதுகுக்கு வந்துவிடும்.

இங்கே நீங்கள் ஓட்டப்போவது படகை இழுக்கும் குதிரைகளுக்காகப் போட்ட பாதை. குதிரை பாரம் இழுக்க வேண்டும் என்பதால் ஏற்றம் கிடையாது, மதகு வரும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு. கார் இல்லை. தங்கை தைரியமாக வரலாம்.

மே 5

மிதி கால்வாயைக் குறைத்துப் பேசிவிட்டதாக ஒருவர் கோபித்திருக்கிறார். பியேர்-போல் ரிக்கே 1666இல் தொடங்கிய வேலை, 1681இல் திறந்தது, 240 கி.மீ., 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னம். பெசியே ஊருக்கு வெளியே ஃபோன்செரான் மதகுப்படிகளை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அந்தக் காலத்தில் இதை எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று இன்னும் வியப்புதான்.

ஆனால் கேள்வி சைக்கிளைப் பற்றியது. துலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. வழவழவென்று தார். அது முடிந்ததும் பல இடங்களில் ஒற்றையடி மண்பாதை, குறுக்கே பிளேன் மர வேர்கள். சில பகுதிகளைச் சீராக்கியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் பகல் முழுக்க வேர்மேல் குதித்தால் மாலையில் மணிக்கட்டு சொல்லும். அப்புறம் நிழல். கரையில் மொத்தம் 42,000 பிளேன் மரங்கள் இருந்தன. 2006இல் ஒரு பூஞ்சை நோய் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. நோய் வந்த மரத்தையும் பக்கத்து மரங்களையும் வெட்டி எரிப்பதைத் தவிர வழியில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டி மரத்தோடு வந்த நோய் என்கிறார்கள். இப்போது வேறு வகை மரங்கள் நடுகிறார்கள், ஓக் வகை ஒன்று அதிகம். அவை நிழல் தருவதற்கு நம் பிள்ளைகள் பெரியவர்களாகிவிடுவார்கள். ஜூலை வெயிலில், வெட்டிய பகுதியில், மதியம் இரண்டு மணிக்கு ஓட்டினால் கஷ்டம். ஏப்ரல், மே, அக்டோபரில் போகிறவர்களுக்கு நானே மிதியைச் சொல்வேன்.

மே 5, பின்னிரவு

டயர் விட்டுப்போனது. 38 அல்லது 40 மி.மீ. போதும். சரளைக்கென்றே வரும் கிராவல் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை, கேரியர் வைத்த சாதாரண டூரிங் சைக்கிளும் நன்றாக ஓடும். பந்தய சைக்கிளின் 25 மி.மீ. டயர் வேண்டாம். காற்றை இறுக்கி அடிக்காதீர்கள். டயர் கொஞ்சம் அமுங்கினால்தான் சரளையின் குலுக்கல் உங்கள் முதுகுக்கு வராது.

மே 7

‘பிரெத்தாஞில் எப்போதும் மழை, அந்தப் பாதை சேறாகிவிடாதா?’ என்று கேட்டவருக்கு.

மழை வரும். ஆனால் பாதை களிமண் இல்லை. பெரும்பாலான இடங்களில் நொறுக்கிய கல்லும் மணலும் கலந்து, நீர் தெளித்து, உருளையால் அழுத்தியது. தண்ணீர் இறங்கிவிடும். காய்ந்த நாளில் அது கிட்டத்தட்ட தார் போலவே ஓடும், சத்தம் மட்டும் வேறு, டயருக்கடியில் மெல்லிய நறநறப்பு. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். ஓட்டுகிறேன் என்று காதுக்குச் சொல்லிக்கொண்டே வரும்.

நனைந்த நாளில் வேறு கதை. மேல்மணல் ஈரமாகி டயரைப் பிடித்து இழுக்கும். அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் மிதிக்க வேண்டும். மணல் தெறித்து செயினிலும் பிரேக் கட்டையிலும் ஏறும். மாலையில் ஒரு பாட்டில் தண்ணீரை செயின்மேல் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடுங்கள். கழுவாமல் எண்ணெய் மட்டும் போட்டால் அது மணலோடு சேர்ந்து பற்களை அரைக்கும். மட்கார்டு கட்டாயம், பின்னால் வருகிறவருக்காகவாவது.

பஞ்சர் பற்றி: வயல்களுக்கு நடுவே முள்வேலி மரங்கள் நிறைய. இலையுதிர் காலத்திலும் குளிரிலும் அவற்றை இயந்திரத்தால் வெட்டுவார்கள், முள் பாதையில் கிடக்கும். ஜூலையில் அந்தத் தொல்லை குறைவு.

மே 9

யாரோ வரைபடம் பார்த்துவிட்டு, ‘நடுவில் ஒரு ஏரி வருகிறதே, கால்வாய் எங்கே போச்சு?’ என்று கேட்டிருக்கிறார். நல்ல கண்.

அது கெர்லெதான். 1920களில் ப்ளாவே ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் தொடங்கினார்கள், 1930இல் முடிந்தது. 17 மதகுகளும் மதகுக்காரர் வீடுகளும் தண்ணீருக்கடியில் போயின. படகு தாண்ட வழி எதுவும் செய்யவில்லை, அன்றோடு நாந்திலிருந்து ப்ரெஸ்த் வரை ஒரே படகில் போவது முடிந்தது. 2015இல் அணையைச் சோதிப்பதற்காக ஏரியை வடித்தபோது ஊரே போய்ப் பார்த்தது. நானும் போனேன். சாம்பல் நிறச் சேற்றுக்கு நடுவே மதகுச் சுவர்கள் அப்படியே நின்றன, கல்லுக்குக் கல் இணைப்பு விலகவில்லை. ஒரு மதகுக்காரர் குடும்பம் அந்த வாசலில் காய்கறி போட்டு, கோழி வளர்த்து வாழ்ந்திருக்கும். அந்த இடத்தைவிட்டு வர எனக்கு மனமே இல்லை.

சைக்கிளுக்கு வழி: ஏரியின் வடக்கே ஒரு பழைய ரயில் பாதை. பிரெத்தாஞின் உள்பகுதியில் கரே ஊரை மையமாக வைத்து ஒரு மீட்டர் கேஜ் ரயில் வலை இருந்தது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு அதில் ஒரு தடத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் விட்டிருக்கிறார்கள். காடு, பாலங்கள், அங்கங்கே பழைய ஸ்டேஷன் கட்டடம். குவாரெக் பக்கம் கால்வாயை விட்டு மேலே ஏறி, மூர்-த-பிரெத்தாஞ் வரை இதில் வந்து, மறுபடி ப்ளாவே கரைக்கு இறங்கிவிடலாம். ஏறும் முன் போன்-ரெப்போ மடத்தில் நின்று பாருங்கள். 1184இல் சிஸ்டர்சியன் துறவிகள் தொடங்கியது. மடத்துக்கு எதிரே தண்ணீர், தண்ணீருக்குப் பக்கத்தில் உங்கள் பாதை.

மே 9, சற்று நேரம் கழித்து

ஆமாம், தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வரும் அதே மூர்-த-பிரெத்தாஞ்தான். 2011இல் கேடல் எவன்ஸும், 2021இல் மத்யூ வான் டெர் புலும் ஜெயித்த அந்த 2 கி.மீ. மேடு ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. தங்கையைக் கூட்டிப் போகாதீர்கள். உங்களுக்கு ஆசையாக இருந்தால் பையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

மே 12

க்ளோமெல் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர். சுருக்கமாக எழுத முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தக் கால்வாய் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயக் கடற்படை ப்ரெஸ்த் துறைமுகத்தை வெளியே நின்று அடைத்துக்கொண்டது. போர்க்கப்பல்களுக்கு மரமும் மாவும் கடல் வழியே வர முடியவில்லை. உள்நாட்டு வழியாகக் கொண்டுவரக் கால்வாய் வெட்டு என்றார் அவர். 1811இல் வேலை தொடங்கி, அவர் போய், அரசர்கள் வந்து, 1842இல் முடிந்தபோது போரும் இல்லை, முற்றுகையும் இல்லை. பிறகு அதில் போனது ஓட்டுக்கல் சிலேட்டும், வயலுக்குப் போடும் உரமும்தான். அந்த உரம் வந்த பிறகு உள்பகுதியின் அமிலம் மிகுந்த மண் விளையத் தொடங்கியது.

க்ளோமெலில்தான் கால்வாயின் உச்சி, கடல்மட்டத்துக்கு மேல் 184 மீட்டர். அந்த மேட்டை 3 கி.மீ.க்கு மேல் நீளமாக, ஆழமான இடங்களில் 20 மீட்டருக்கும் கீழே வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவர்கள் தண்டனைக் கைதிகள். 1823 முதல் 1832 வரை அங்கே முகாம் போட்டு அடைத்து வைத்திருந்தார்கள், அதில் நிறையப் பேர் படையைவிட்டு ஓடிப் பிடிபட்ட சிப்பாய்கள். மண்வெட்டி, கடப்பாரை, கூடை. பலர் அங்கேயே இறந்தார்கள். இன்றும் அதற்குக் கைதிகளின் பெரு வெட்டு என்றுதான் பெயர்.

அங்கே நான் எப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். பாதை நல்ல பாதை, ஓட்டத் தடை எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் கரை சுவராக உயர்ந்து, மரங்கள் மேலே கூடி, ஜூலையிலும் குளிர்ச்சியாக இருக்கும். இந்த ஏற்றமில்லாத பாதை நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அந்த ஏற்றம் எங்கே போனது என்று கேட்டால் பதில் க்ளோமெலில் இருக்கிறது. ‘அழகான இடம், நிறையப் படம் எடுத்தோம்’ என்று மட்டும் எழுதிப் போகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

மே 13

சோறு, தண்ணீர் கேள்விகள்.

தண்ணீர்: ஊர்க் கல்லறைத் தோட்டம். கிராமத்துக்குக் கிராமம் உண்டு, பூச்செடிக்கு ஊற்றக் குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று பலகை இருக்கிறதா என மட்டும் பார்த்துவிட்டுப் பிடியுங்கள். மரியாதையாக உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.

ரொட்டிக் கடை பல ஊர்களில் திங்கள் மூடியிருக்கும். மளிகைக் கடை பன்னிரண்டரைக்கு மூடினால் இரண்டு, இரண்டரைக்குத்தான் திறக்கும், ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. காலையிலேயே ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். மதகுக்கு மதகு உட்கார இடம் இருக்கும்.

மாலையில் பக்வீட் மாவு காலெத். மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். ‘பிலிக்’ என்ற வட்டக் கல்லில் தோசை மாதிரியே இழுத்துவிடுவார்கள். பன்றி இறைச்சி வேண்டாம், முட்டையும் சீஸும் போதும் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். இறைச்சி சாப்பிடாதவர்களை இந்தப் பகுதியில் காப்பாற்றுவது அதுதான்.

மே 16

இப்போது பெரிய சண்டை: இந்தப் பாதைக்குத் தார் போடலாமா? போடக் கூடாது என்று நான் எழுதியதும் மூன்று பக்கத்துக்கு மறுப்பு வந்துவிட்டது. என் காரணத்தை ஒழுங்காகச் சொல்கிறேன்.

ரோட்டில் ஓட்டும்போது என் காது எப்போதும் பின்னால் இருக்கும். எத்தனை வருடம் ஓட்டினாலும் அது போவதில்லை. பின்னால் வருவது காரா, லாரியா, எவ்வளவு இடம் விடுவான்? இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது, பேசினாலும் பாதியில் நிற்கும். இந்தக் கரையில் வந்த பிறகுதான் நானும் மனைவியும் இரண்டு சைக்கிளை ஒட்டி ஓட்டிக்கொண்டு, ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பேசினோம். வீட்டில் மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட பேச்சு அது. மதகுக்கு மதகு ஒரு துண்டாகப் பேசி முடித்தோம்.

தார் போட்டால் இது கெடுமா என்றால், கெடும். வேகம் கூடும். தலையைக் கவிழ்த்துக்கொண்டு பயிற்சிக்கு வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், நாயோடு நடக்கும் பாட்டி ஓரம் ஒதுங்குவார். சரளை எல்லோரையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வைக்கிறது. மீன் பிடிக்கிறவரின் தூண்டில் பாதைக்குக் குறுக்கே நீட்டியிருந்தால் நின்று வணக்கம் சொல்ல நேரம் இருக்கிறது.

மே 16, இரவு

சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவை அழைத்துப் போகிறவர் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நனைந்த சரளையில் சின்னச் சக்கரம் புதைந்துவிடும் என்கிறார், அது நிஜம். அதனால் நான் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன்: ஊரை ஒட்டிய சில கிலோமீட்டர்களுக்குத் தாரோ, வழவழப்பான வேறு எதுவோ போடட்டும். பொந்திவி, ஜோஸ்லான், ரெதோன் கரைகளில் அவர் அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஜோஸ்லானில் ஊஸ்த் ஆற்றுக்கு நேர் மேலே ரோஆன் குடும்பத்துக் கோட்டை மூன்று கோபுரத்தோடு நிற்கிறது, அதைக் கீழே பாதையிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஊர் தாண்டிய பிறகு சரளை இருக்கட்டும். இதில் இனி நான் மாறுவதாக இல்லை.

மே 17

வாத்து பற்றிக் கேட்டவருக்கு: வாத்து பயமில்லை, அன்னங்கள்தான் தகராறு. குஞ்சோடு இருந்தால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, அதற்கு அந்தப் பக்கமாக நடந்து போங்கள். தண்ணீரில் ஆரஞ்சுப் பல்லோடு நீந்துவது நீர்நாய் இல்லை, ரகோந்தேன் என்ற பெரிய கொறி விலங்கு. தோலுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து தப்பிப் பெருகியது. கரையைக் குடைந்து சரிக்கிறது. விளிம்பை ஒட்டி ஓட்டாதீர்கள்.

மே 20

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது? மேற்கிலிருந்து. இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் அடிக்கும், ஒரு வாரமும் அது முதுகில் இருக்கட்டும்.

பாரிஸிலிருந்து கேன்காம் வரை ரயில், அங்கிருந்து கரே ஊருக்குச் சின்ன ரயில். அதிவேக ரயிலில் சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு, இடம் மிகக் குறைவு, அதனால் தேதி முடிவானதும் முதல் வேலை அதுதான். ஜூலை நடுவில் கரேயில் ‘வியேய் ஷாரு’ என்ற பெரிய இசை விழா நடக்கும். அந்த வார இறுதியில் படுக்க ஒரு மூலை கிடைக்காது, தள்ளி வாருங்கள்.

கரேயிலிருந்து கொஞ்சம் தெற்கே இறங்கினால் கால்வாய். க்ளோமெல், குவாரெக், கெர்லெதான் சுற்று, பொந்திவி. பொந்திவிக்கும் ரோஆன் ஊருக்கும் நடுவே மதகுகள் அடுத்தடுத்து அடுக்கி வரும், அங்கே அவசரப்படாதீர்கள். பிறகு ஜோஸ்லான், மாலெத்ருவா, ரெதோன். ரெதோனுக்கு முன் ‘ஈல் ஓ பி’ என்ற இடத்தில் கிரானைட் பாறைகள் செங்குத்தாக ஆற்றில் இறங்கும்.

ரெதோன் தாண்டி நாந்த் போவதில் ஒரு விஷயத்தைப் பெரும்பாலான கையேடுகள் மெல்லச் சொல்லிவிட்டுப் போகின்றன. கெய் மதகில் கால்வாய் எர்த்ர் ஆற்றில் சேர்ந்ததும் கரைப்பாதை முடிந்துவிடும். மிச்சம் கார் வரும் சிற்றூர் ரோடுகள். தங்கைக்காக: நோர்-சுர்-எர்த்ரில் ட்ராம்-ரயில் ஏறி நாந்த் போய்விடுங்கள். 2014இல் திறந்த பாதை, சைக்கிளையும் ஏற்றலாம்.

மே 20, இரவு

ஒரு வாரம் அதிகம், மூன்று நாள் போதும் என்று கேட்பவர்களுக்கு மயென் ஆறு. மயென் மாவட்டத்துக்குள்ளேயே சுமார் 85 கி.மீ. கரைப்பாதை, மயென் ஊரிலிருந்து லவால், ஷாத்தோ-கோந்தியே வழியாக. முழுக்க ஆறு, தடுப்பணையில் விழும் தண்ணீர்ச் சத்தம் விடாமல் கூட வரும். இன்னும் தெற்கே ஆன்ஜே வரை போகலாம். இலையுதிர் காலத்தில் பராமரிப்புக்காக ஆற்று நீரைக் குறைக்கிற வாரங்கள் உண்டு, அப்போது வந்தால் சேறுதான் தெரியும்.

மே 24

கேள்வி கேட்டவர் ஜூலை கடைசி வாரம் என்று முடிவு செய்திருக்கிறார், சந்தோஷம். ஊராட்சி நடத்தும் கூடார முகாம்கள் அப்போது திறந்திருக்கும், சைக்கிளில் வருகிறவர்களுக்குச் சிறு கூடார இடம் கேட்டால் பெரும்பாலும் எப்படியாவது ஒதுக்கித் தருவார்கள். அறை வேண்டுமென்றால் பொந்திவியும் ஜோஸ்லானும் முன்பே பதிவு செய்யுங்கள். பெல் வையுங்கள், குதிரைக்காரர் எதிரே வந்தால் பெல் அடிக்காமல் குரல் கொடுங்கள், குதிரைக்கு மனிதக் குரல் பழக்கம். நான் ரென்னில் இருக்கிறேன், ரெதோனுக்கு நேரடி ரயில். எந்த நாள் அங்கே வருவீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த நாள் ப்ளேன் ஊர் வரை நானும் மனைவியும் சேர்ந்து ஓட்டுகிறோம்.